கரி பஸ்ஸுக்குள் இருந்த ஹைட்ரஜன்

எஞ்சின் வந்த ஊர் – 19

பைகாரா மின்சாரம் நீலகிரியை விட்டு இறங்கி வந்ததும் மில்களிலும் கிணற்று மேட்டிலும் நடந்ததை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். மோட்டார் வந்தது, ஆயில் எஞ்சின் தோட்டம் தோட்டமாகப் பின்வாங்கியது. கம்பி எட்டாத இடம் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அது ரோடு. 1920ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அடுத்த இருபது வருஷத்தில் கொங்குச் சீமையின் பஞ்சும் மஞ்சளும் சந்தைக் கூட்டமும் பஸ்ஸையும் லாரியையும் நம்பிப் பழகிவிட்டன. அந்த நம்பிக்கையின் அடியில் இருந்தது பெட்ரோல். அதில் கணிசமான பங்கு பர்மாவில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது.

1941லேயே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. போவதற்கு முன் சிரியம் சுத்திகரிப்பு ஆலையை பிரிட்டிஷாரே தகர்த்தார்கள். அடுத்த மாதம் யேனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளுக்கும் அதே கதி. எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்பது கணக்கு. நமக்கும் கிடைக்கவில்லை என்பது அதன் மறுபக்கம். பட்டாளத்துக்குப் போக மீந்த சொட்டு பெட்ரோலை வைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் பஸ் விட முடியாது. நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவும் முடியாது. எஞ்சின் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், எரிக்கத்தான் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கரி பஸ் வந்தது.

எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள் சிறு பிள்ளையாக ஏறிய ஞாபகமாகவோ, தகப்பனார் சொல்லக் கேட்டதாகவோ இந்த வண்டியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து மரக்கரியைக் கொட்ட வேண்டும். அடியில் தீ. கிளீனர் விடியலுக்கு முன்பே எழுந்து, சாம்பலைத் தட்டி எடுத்து, கரியைப் பற்றவைத்து, கைப்பிடி போட்ட ஊதுவிசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கால்மணி, அரைமணி சுற்றினால் குழாய் வாயில் வரும் புகையின் நிறம் மாறும். அதில் தீக்குச்சியைக் காட்டினால் நீலச் சுடர் நின்று எரியும். அப்போதுதான் வாயு தேறிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் முன்வரிசையில் இடம் பிடித்தவர், “ஏனுங், இன்னைக்குள்ள பொறப்படுமுங்களா?” என்று நாலு தரமாவது கேட்டிருப்பார்.

உருளையில் பிறந்த சூடான வாயு ஒரு வடிகட்டிக்குள் போகும். தேங்காய் நாரோ துணியோ திணித்த டப்பா அது. பிறகு வண்டிக்கு அடியில் ஓடும் நீளக் குழாயில் ஆறி, எஞ்சினுக்கு வந்து காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் நுழையும். வடிகட்டியைச் சுத்தம் செய்யாமல் விட்டால் சாம்பல் தூள் சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தின்றுவிடும். வாயுவில் கார்பன் மோனாக்சைடு கால்பங்குக்கு மேல் இருக்கும் என்பதால், கசிகிற இடத்தில் மூக்கை வைத்து வேலை செய்த கிளீனர்களுக்குத் தலை சுற்றியதில் ஆச்சரியம் இல்லை. அடைத்த கொட்டகைக்குள் அடுப்பை மூட்டினால் உயிருக்கே ஆபத்து. பெட்ரோலில் கிடைத்த இழுவையில் ஏறக்குறைய பாதிதான் கரியில் கிடைத்தது. தாராபுரம் பக்கத்துச் சமவெளி ரோடு என்றால் சமாளிக்கலாம். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு வளைவுகளில் ஏறுவதற்குப் பதுக்கி வைத்த பெட்ரோலைத்தான் திறக்க வேண்டியிருந்திருக்கும், இல்லாவிட்டால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தன் கம்பெனியில் இந்தக் கரிவாயு அடுப்பை வடிவமைத்துச் செய்து விற்றார், டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று பெயர். இரும்புத் தகடு, வெல்டிங், கொஞ்சம் பொறுமை இருந்தால் எந்தப் பட்டறையும் இப்படி ஒன்றை அடித்துவிடலாம் என்பதுதான் அந்த அடுப்பின் பெரிய பலம்.

இந்தக் கதையை யுத்த கால வேடிக்கையாகத்தான் இதுவரை எல்லோரும் எழுதி வந்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குழாய்க்குள் போன வாயுவின் மேல்தான் கண். கனன்று கொண்டிருக்கும் கரியின் மேல் காற்று மட்டும் பட்டால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். நீராவியும் சேர்ந்து பட்டால், கரி அந்த நீரில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனைத் தனியே விட்டுவிடும். கரியிலும் காற்றிலும் எப்போதும் கொஞ்சம் ஈரம் உண்டு. சில அடுப்புகளில் வேண்டுமென்றே ஒரு சிறு தண்ணீர் டப்பாவை வைத்துச் சொட்டு விட்டார்கள். வாயுவின் சூடும் தணியும், வீரியமும் கூடும். கரிவாயுவில் பாதிக்கு மேல் ஒன்றுக்கும் உதவாத நைட்ரஜன்; 28 முதல் 32 விழுக்காடு கார்பன் மோனாக்சைடு; 4 முதல் 10 விழுக்காடு ஹைட்ரஜன். கரிக்குப் பதில் விறகையே போட்டால் ஹைட்ரஜன் 12 முதல் 20 விழுக்காடு வரை ஏறும்.

ஹைட்ரஜன் எஞ்சின் என்று இன்று கண்காட்சிகளில் திரை விலக்கிக் காட்டுகிறார்களே, அந்த ஹைட்ரஜன் எண்பது வருஷத்துக்கு முன்பே, ஆள் மாறாட்டம் செய்துகொண்டு, சென்னை மாகாணத்து பஸ் எஞ்சின்களுக்குள் எரிந்திருக்கிறது. யாரும் அதன் பெயரைக் கேட்கவில்லை.

இன்னும் பின்னால் போகலாம். கம்பி வராத காலத்தில் அரிசி ஆலைகளுக்கும் பஞ்சு அரைக்கும் ஜின்னிங் பாக்டரிகளுக்கும் சக்‌ஷன் கேஸ் எஞ்சின் என்று ஒன்று விற்கப்பட்டது. தத்துவம் அதேதான்: பக்கத்தில் கரி அடுப்பு, அதன் வாயுவை எஞ்சினே உறிஞ்சிக்கொள்ளும். கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் பம்பு வைக்கலாம் என்று 1900களின் தொடக்கத்தில் மாகாணம் முழுக்கச் சொல்லித் திரிந்த ஆல்பிரட் சாட்டர்டனை இந்தத் தொடரின் ஆரம்பத்தில் சந்தித்தோம். விறகும் கரியும் மலிந்த ஊருக்குச் சக்‌ஷன் கேஸ் தோதுப்படும் என்பதும் அவர் கட்சி.

உலகக் கணக்கில் இது இன்னும் பழையது. சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்சுவா ஐசக் டி ரிவாஸ் 1807ல் காப்புரிமை வாங்கிய எஞ்சின் ஹைட்ரஜனில் ஓடியது. பலூன் பையில் வாயு. அதையும் காற்றையும் சிலிண்டருக்குள் விட்டு மின்பொறியால் வெடிக்க வைத்தார். பெட்ரோல் என்ற சரக்கே சந்தைக்கு வராத காலம் அது. 1820ல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வில்லியம் செசில் என்ற பாதிரியார் ஹைட்ரஜன் எஞ்சினைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அவருடையது வெடிப்புக்குப் பின் உண்டாகும் வெற்றிடத்தை வைத்து இயங்கியது. ஆக, உள்ளெரி எஞ்சின் பிறந்தபோது அதன் வாயில் வைத்த முதல் சொட்டுகளில் ஹைட்ரஜனும் ஒன்று. பெட்ரோல் பின்னால் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. காரணம் எளிது: பெட்ரோலைத் தகர டின்னில் ஊற்றி எடுத்துப் போகலாம்.

நம் ஊரில் கரி பஸ் ஓடிய அதே யுத்தத்தில், லெனின்கிராடில் தனி ஹைட்ரஜனிலேயே லாரிகள் ஓடின. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கதை இது. 1941 இலையுதிர் காலத்தில் அந்த நகரை ஜெர்மானியர் வளைத்துக்கொண்டார்கள். விமானங்கள் தாழப் பறக்காமல் தடுக்க வானத்தில் பெரிய பெரிய பலூன்களைக் கம்பி வடத்தில் கட்டிப் பறக்கவிட்டிருந்தது சோவியத் படை. பலூனுக்குள் ஹைட்ரஜன். நாள் போகப் போக அதற்குள் காற்று கலந்து தூக்கும் சக்தி குறையும். அப்போது பலூனை இறக்கி, கெட்டுப்போன ஹைட்ரஜனைக் காற்றில் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பி மேலே அனுப்புவார்கள். இறக்குவதற்கான வின்ச் காஸ்-ஏஏ லாரியின் எஞ்சினில் ஓடியது. லாரிக்கோ பெட்ரோல் இல்லை.

போரிஸ் ஷெலிஷ்ச் என்ற இளம் படைத் தொழில்நுட்பாளருக்கு அந்த வின்ச் லாரிகளைப் பராமரிப்பது வேலை. ஒரு பக்கம் எரிபொருள் இல்லாத எஞ்சின், இன்னொரு பக்கம் திறந்துவிடப்படும் ஹைட்ரஜன். பலூனில் இருந்து ஒரு ஹோஸை எடுத்து எஞ்சினின் காற்றுக் குழாயில் சொருகினார். எஞ்சின் ஓடியது. கொஞ்ச நேரத்தில் சிலிண்டருக்குள் இருந்த சுடர் குழாய் வழியே பின்னோக்கி ஓடி வாயுத் தொட்டியை அடைந்தது. வெடித்தது, பலூன்களும் எரிந்தன, அவருக்கும் அடிபட்டது. அடுத்த முயற்சிக்கு முன் அவர் செய்தது ஒரே காரியம். பழைய தீயணைப்பான் உருளையில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் முங்கிக் குமிழியிட்டு வரும்படி ஹைட்ரஜனைத் திருப்பிவிட்டார். சுடர் திரும்பி வந்தாலும் தண்ணீரைத் தாண்டாது. பிறகு நூற்றுக்கணக்கான எஞ்சின்களை இப்படி மாற்றினார்கள். அவருக்குச் செந்நட்சத்திர விருதும் கிடைத்தது.

அந்தத் தண்ணீர் உருளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளின் எஞ்சின் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சோதனை நடக்கும் மூலைக்குப் போனால் அதே பொருளை இன்றும் பார்க்கலாம். ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். பெரும்பாலும் கிர்லோஸ்கர், ஒருகாலத்தில் கிணற்று மேட்டில் தண்ணீர் இறைத்த அதே ஜாதி. சற்றுத் தள்ளி, சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய சிவப்பு உருளை. அதன் வால்வில் ரெகுலேட்டரை மாட்டுகிற நட்டுக்கு இடது மரை. ஆக்சிஜன் உருளையின் வலது மரை ரெகுலேட்டரை யாரும் அவசரத்தில் இதில் பூட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. உள்ளே 150 பார் அளவில் அழுத்தம். ரெகுலேட்டர் அதை ஓரிரண்டு பாருக்குக் குறைக்கும். வழியில் பாதி தண்ணீர் நிரம்பிய ஒரு சுடர்த் தடுப்பு, ஒரு மீட்டர், ஒரு ஒருவழி வால்வு. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவார்கள். ஹைட்ரஜனுக்கு மணமும் கிடையாது, பகல் வெளிச்சத்தில் அதன் சுடரும் கண்ணுக்குத் தெரியாது. சோப்பு நுரைதான் நம்பகமான சாட்சி.

ஹைட்ரஜனிடம் எஞ்சின்காரர்கள் இத்தனை பயப்படுவது ஏன்? காற்றில் 4 விழுக்காடு கலந்தாலும் எரியும், 75 விழுக்காடு கலந்தாலும் எரியும். பெட்ரோல் ஆவிக்கு இந்த இடைவெளி மிகக் குறுகலானது. பற்றவைக்கத் தேவையான பொறியும் பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். சிலிண்டர் ஹெட்டில் ஒட்டியிருக்கும் கரிப் பொருக்கு, சூடேறிய எக்ஸாஸ்ட் வால்வு, தப்பான ரக ஸ்பார்க் பிளக்கின் முனை – எதுவும் நேரத்துக்கு முன்பே பற்றவைத்துவிடும். இன்லெட் வால்வு மூடுவதற்குள் பற்றினால் சுடர் வந்த வழியே திரும்பும். ஷெலிஷ்ச்சுக்கு நடந்தது அதுதான்.

இதில் ஒரு முரண் உண்டு. பொறிக்கு இவ்வளவு சுலபமாகப் பற்றுகிற வாயு, அமுக்கத்தின் சூட்டுக்கு லேசில் பற்றாது. டீசல் 250 டிகிரிக்குக் கீழேயே தானாகப் பற்றிவிடும். ஹைட்ரஜனுக்கு 580 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால் டீசல் எஞ்சினில் ஹைட்ரஜனை மட்டும் விட்டால் ஓடாது. கொஞ்சம் டீசலைத் தெளித்து அதைத் திரியாகப் பயன்படுத்த வேண்டும், இல்லையேல் இன்ஜெக்டர் இருந்த இடத்தில் ஸ்பார்க் பிளக் வைக்க வேண்டும். முதல் வழிக்கு இரட்டை எரிபொருள் முறை என்று பெயர். கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜி. நாகராஜனும் என். சரவணனும் 2007ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகள் இந்த வழியைச் சேர்ந்தவை. ஹைட்ரஜனை எந்தக் கணத்தில், எவ்வளவு நேரம் உள்ளே விடுவது என்பதுதான் அவர்கள் தேடிய விடை. வால்வு நன்றாகத் திறந்து குளிர்ந்த காற்று உள்ளே போன பிறகு ஹைட்ரஜனை விட்டால் பின்வெடிப்புக்கு இடமே இல்லை. தண்ணீர் உருளை சுடரைப் பிடிக்கும். நேரம் பார்த்து விடுவது சுடர் புறப்படாமலே தடுக்கும்.

தமிழ்நாட்டில் ஹைட்ரஜனை எரிசக்தியாகப் பார்க்கிற சிந்தனை 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வேர்விட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் வேதியியல் பேராசிரியர் எம்.வி.சி. சாஸ்திரி இந்திய அளவிலேயே முன்னோடி. அதே ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பி. நாகலிங்கம் இயற்கை வாயு, ஹைட்ரஜன் கலந்த இயற்கை வாயு, தனி ஹைட்ரஜன் மூன்றையும் ஒரே ஆய்வு எஞ்சினில் ஓட்டி ஒப்பிட்ட கட்டுரையை ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1983ல் வெளியிட்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஓ.என். ஸ்ரீவாஸ்தவா உலோகப் பொடிக்குள் ஹைட்ரஜனைப் பதுக்கி மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். 2012ல் டெல்லி ஐ.ஐ.டி.யும் மஹிந்திராவும் சேர்ந்து ஹைட்ரஜன் ஆட்டோக்களை விட்டன. 2020ல் டெல்லி பஸ்கள் 18 விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த சி.என்.ஜி.யில் சோதனை ஓட்டம் போயின. எல்லாமே ஓடின. ஒன்றும் ஊரில் தங்கவில்லை.

இதற்கிடையில் கோவைக்கு இன்னொரு விதமான ஹைட்ரஜன் கதையும் உண்டு. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் தண்ணீரில் ஓடும் எஞ்சினைக் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வரும். 2019ல் இங்கிருந்தே அப்படி ஒன்று நாடு முழுக்கப் போனது: காய்ச்சி வடித்த நீரில் ஓடும், ஹைட்ரஜனை எரிக்கும், ஆக்சிஜனை வெளியே விடும் என்றார்கள். பைக்குக்கும் காருக்கும் தண்ணீர் டப்பாவும் இரண்டு ஸ்டீல் தகடும் வைத்து மைலேஜ் கூட்டுகிறோம் என்று கிட் விற்பவர்களும் உண்டு. 1996ன் மூலிகைப் பெட்ரோல் பரபரப்பு நினைவிருப்பவர்கள் இதைக் கேட்டு லேசாகச் சிரிப்பார்கள். ஆனாலும் கடைசி வரை கேட்பார்கள்.

பட்டறை ஊரில் இப்படி முயற்சி பண்ணுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். லேத்தும் துணிச்சலும் கைக்கு எட்டுகிற ஊரில் இது நடக்கத்தான் செய்யும். கணக்கை மட்டும் சொல்லிவிடலாம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் ஏற்கெனவே எரிந்து முடிந்த சாம்பல். அதைத் திரும்ப ஹைட்ரஜனாக்க, எரியும்போது கிடைப்பதைவிட அதிகச் சக்தியைச் செலவு செய்ய வேண்டும். வண்டியின் ஆல்டர்நேட்டர் அந்தக் கரண்ட்டைக் கொடுக்கிறது என்றால், ஆல்டர்நேட்டரைச் சுற்றுவது அதே எஞ்சின். ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சின் நீராவியைத்தான் வெளியே விடும். ஆக்சிஜனை அது உள்ளே இழுக்கும். எந்த ஐ.டி.ஐ. மாணவனும் கரும்பலகையில் போட்டுக் காட்டக்கூடிய கணக்கு இது.

கரி பஸ் இந்த இடத்தில் நேர்மையானது. நீரை உடைக்கிற சக்தியைக் கரி கொடுத்தது, கரிக்கு விலை உண்டு, கிளீனரின் தோள்பட்டைக்கும் விலை உண்டு. இலவசம் என்று யாரும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் அடுப்புகளைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கரியில் எஞ்சின் ஓடாமல் போனதால் அல்ல. கரியைச் சுமந்து, மூட்டி, வடிகட்டி, சாம்பல் தட்டுகிற வேலை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. டி ரிவாஸ் காலத்தில் இருந்து இன்று வரை இதே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது என் கட்சி. எஞ்சின் ஒருநாளும் முட்டுக்கட்டையாக இருந்ததில்லை. வாயுவை எங்கே செய்வது, எதில் அடைப்பது, யார் சுமப்பது என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் வண்டி நிற்கிறது.

2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த எரிசக்தி மாநாட்டில் பிரதமர் கொடியசைத்து ஒரு லாரியை அறிமுகம் செய்தார். ரிலையன்சும் நம் எண்ணூர் அசோக் லேலண்டும் சேர்ந்து உருவாக்கியது. ஹைட்ரஜனை நேரடியாக எரிக்கும் எஞ்சின். ஹைட்ரஜனை எரிக்காமல் மின்சாரமாக்கும் பியூயல் செல் அல்ல. அதற்கு முந்தைய மாதம்தான் 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருந்தது. 2025 மார்ச்சில் டாடாவின் 16 லாரிகள் சோதனை ஓட்டம் தொடங்கின. அவற்றில் எஞ்சின், பியூயல் செல் என இரண்டு வகையும் உண்டு. ஜப்பானில் டொயோட்டா 2021ல் இருந்து ஹைட்ரஜன் எரிக்கும் கொரோலாவை 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஜே.சி.பி. தன் மண்வாரி எந்திரங்களுக்கு ஹைட்ரஜன் எஞ்சின் செய்திருக்கிறது.

லாரிக்காரர்களுக்கு இந்த எஞ்சினில் ஒரு வசதி: பார்க்கப் பழகிய டீசல் எஞ்சினின் உடம்புதான். பியூயல் செல்லுக்கு 99.97 விழுக்காடு தூய ஹைட்ரஜன் வேண்டும். எஞ்சின் கொஞ்சம் அழுக்கான வாயுவையும் பொறுத்துக்கொள்ளும். புகையில் கார்பன் ஏறக்குறைய இல்லை. அதிகச் சூட்டில் காற்றே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடு பிறக்கும் தொல்லை மட்டும் உண்டு. காற்றை அதிகமாக விட்டுக் கலவையை நீர்க்க வைத்தால் அதுவும் குறையும்.

கோயமுத்தூருக்கு இதில் உள்ள அக்கறை வேறு. பேட்டரி வண்டியில் சிலிண்டர் பிளாக் இல்லை, ஹெட் இல்லை, லைனர், வால்வு, கிராங்க், கேம் எதுவும் இல்லை. கணபதியிலும் சிட்கோவிலும் அரசூர் பக்கமும் உள்ள பவுண்டரிகளும் மெஷினிங் யூனிட்டுகளும் இவற்றை வார்த்தும் கடைந்தும்தான் வளர்ந்தன. பிளாக்கையும் ஹெட்டையும் கடைவதையே பெரும் தொழிலாக்கிய கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் போன்ற கம்பெனிகள் இங்கிருந்து எழுந்தவை. எஞ்சின் போனால் இந்தத் தொழிலின் பெரும்பாதி போகும். ஹைட்ரஜன் எஞ்சின் என்றால் அதே மணல், அதே பேட்டர்ன், அதே லேத். அதனால்தான் ஹைட்ரஜன் என்ற பேச்சை எடுத்தாலே இங்கே பவுண்டரிக்காரர்களின் முகம் மலர்கிறது. அந்த ஆசை நியாயமானது. ஆசையை வைத்து இயற்பியலைத் திருத்த முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இயற்பியல் இப்படி: தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் கரண்ட் ஆகும். தண்ணீர் 9 லிட்டர், சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் இன்னும் கூட. திருப்பூர் சாயப்பட்டறைத் தகராறைப் பார்த்த ஊருக்கு இது ஒரு பொருட்டான அளவே அல்ல. அந்த ஒரு கிலோவில் அடங்கியிருப்பது 33 யூனிட் சக்தி. 350 பாருக்கு அமுக்கச் சில யூனிட் போகும். நல்ல லாரி எஞ்சின் நூற்றுக்கு நாற்பது பங்கை இழுவையாக்கினால் 13 யூனிட் சக்கரத்துக்குப் போகும். அதே 50 யூனிட்டைப் பேட்டரியில் ஏற்றினால் நாற்பதுக்குக் குறையாமல் சக்கரத்துக்கு வரும். மூன்று மடங்கு வித்தியாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலையிலும் பல்லடத்திலும் சுற்றும் காற்றாலைகள் ஆடி மாதத்தில் எவ்வளவு கொட்டினாலும், இந்த மூன்று மடங்கை யாராவது ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது இடம். 350 பார் அழுத்தத்தில் ஒரு லிட்டருக்குள் 24 கிராம் ஹைட்ரஜன்தான் அடங்கும். நூறு லிட்டர் உருளையில் இருப்பது 2.4 கிலோ, டீசல் கணக்கில் எட்டு லிட்டர். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிக்கும் இரும்பு ஏற்றிய லாரிக்கும் உள்ள வித்தியாசம் இது: எடை நிறைவதற்குள் இடம் நிறைந்துவிடும். நாமக்கல்லில் எல்.பி.ஜி. டேங்கர் ஓட்டுகிறவர்களுக்கு வாயுவைச் சுமப்பது புதிதல்ல. ஆனால் எல்.பி.ஜி. லேசான அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். 2006ல் பி.எம்.டபிள்யூ. அந்த வழியில் நூறு கார்கள் வரை செய்து பார்த்தது. சும்மா நிறுத்தி வைத்தாலே சில நாளில் டேங்க் ஆவியாகித் தீர்ந்துகொண்டிருந்தது.

செலவைக் குறைக்கிற ஒரு வழி நம் ஓரத்திலேயே பல காலமாக இருக்கிறது. 1934ல் மேட்டூர் அணை வந்த பின், அதன் நீரையும் மின்சாரத்தையும் நம்பி அங்கே ரசாயனத் தொழில் முளைத்தது. உப்புக் கரைசலில் மின்சாரம் விட்டுக் காஸ்டிக் சோடா எடுக்கிற தொழில் அது. காஸ்டிக்கும் குளோரினும் எடுக்கும்போது ஹைட்ரஜன் தானாக வந்தே தீரும்: ஒரு டன் காஸ்டிக்குக் கூடவே 25 கிலோ. நாளைக்கு நூறு டன் செய்கிற எந்த காஸ்டிக் ஆலையிலும் இரண்டரை டன் ஹைட்ரஜன் வெளியே வருகிறது என்று அர்த்தம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுக்கிற சரக்கு லாரி நாளைக்கு 300 கிலோமீட்டர் ஓட 80 லிட்டர் டீசல், அதாவது 24 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். நூறு லாரிக்குப் போதும். அதற்காக அந்த ஹைட்ரஜன் சும்மா கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். ஆலைகள் அதைப் பாய்லரில் எரிக்கின்றன, அமிலம் செய்கின்றன, உருளையில் அடைத்து விற்கின்றன. லாரிக்காரர் அந்த விலையைத் தாண்டிக் கொடுத்தால்தான் கிடைக்கும்.

அந்த 24 கிலோவுக்கு லாரியில் ஆயிரம் லிட்டர் கொள்ளும் உருளைகளை மாட்ட வேண்டும். சாதா இரும்பு உருளை என்றால் எடை தாங்காது. கார்பன் இழை சுற்றிய உருளை என்றால் விலை தாங்காது. எஞ்சினுக்குள்ளும் சில பொருள்கள் மாற வேண்டும். டீசலின் பிசுபிசுப்பு இல்லாத வறண்ட வாயு என்பதால் வால்வு சீட் சீக்கிரம் தேயும். ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் ஹைட்ரஜன் கிராங்க் கேஸில் தேங்கும், ஆயிலில் தண்ணீரும் சேரும். அந்த வால்வு சீட்டையும் ரிங்கையும் கோவைப் பவுண்டரிகள் முதன்முதலில் வார்க்கக் கற்றுக்கொண்ட கதையும், சிறுவயதில் மூசை தூக்கத் தொடங்கிப் பின்னால் முதலாளிகளானவர்கள் கதையும் அடுத்த இதழில்.

(தொடரும்)